பழுது இல்லை என்று எழுதியவர்

அவருக்கு இருபத்தெட்டு வருடமாக ஒரே வேலை. பெரிய கட்டடங்களில் கூரையோடு கூரையாகத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்குமே, புகை வந்தால் ஊரைக் கூட்டுகிற டிடெக்டர், அதை மாட்டுவது, கழற்றித் துடைப்பது, ஒழுங்காகக் கத்துகிறதா என்று சோதிப்பது. மடக்கு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நகரத்து அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் ஏறி இறங்கியே வயது ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது. எல்லோருக்கும் அவர் ஏணிக்காரர். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே போய்விடுவார்.

டிடெக்டரைச் சோதிக்க இப்போது ஸ்பிரே டப்பா இருக்கிறது. ஒரு அமுக்கு அமுக்கினால் பொய்ப்புகை வரும், அலாரம் கத்தும், தாளில் ஒரு டிக் போட்டுவிட்டு இறங்கிவிடலாம். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தச் சொகுசெல்லாம் கிடையாது. சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு ஏணியில் ஏற வேண்டும், ஒரு இழுப்பு இழுத்து டிடெக்டருக்குள் ஊத வேண்டும். சேரும்போது அவர் சிகரெட்டைத் தொடாதவர். முதல் நாள் மேஸ்திரிதான் பாக்கெட்டை நீட்டி, "ஸ்குரு டிரைவர் மாதிரி இதுவும் ஒரு கருவிதாண்டா, கூச்சப்படாதே" என்றார். சம்பளம் வாங்கிக்கொண்டு சிகரெட் பிடித்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு நாளைக்கு நாற்பது டிடெக்டர், நாற்பது இழுப்பு. அப்புறம் டப்பா வந்தது. வேலைக்கு மாற்று வந்ததே தவிர நெஞ்சுக்கு வரவில்லை.

சும்மா உட்காரத் தெரியாத மனிதர் அவர். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், பேசினால் விரல்கள் மேஜையைத் தட்டும். சிகரெட் கையில் இருக்கிற ஐந்து நிமிடம்தான் அந்த உடம்பு ஒரு இடத்தில் நிற்கும்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறவள். அவளுடைய அண்ணன், அதாவது ஏணிக்காரரின் மச்சான், சிகரெட்டால் நுரையீரல் கெட்டுப்போய், கடைசி எட்டு மாதம் இவர்கள் வீட்டு முன்னறையில்தான் கிடந்தார். கட்டிலுக்கு ஒரு பக்கம் ஆக்ஸிஜன் உருளை, மறுபக்கம் எச்சில் துப்ப ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மனிதர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது அவள் ஒருத்திதான். மச்சான் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போன ஏணிக்காரர் விடாமல் இருமினார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னொருத்தரை இப்படிப் பார்த்துக்க எனக்குத் தெம்பு இல்லங்க. பிடிக்கறதா இருந்தா பிடிங்க. நான் அக்கா வீட்டோட போய் இருந்துக்கறேன். கோவத்துல சொல்லல, யோசிச்சுதான் சொல்றேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவர் எப்படியாவது சமாளித்திருப்பார். யோசித்துச் சொன்னதுதான் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கே பாக்கெட்டைக் குப்பையில் போட்டார்.

எட்டு நாள் ஓட்டினார். அந்த எட்டு நாளில் வீட்டிலிருந்த குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். ஒழுகாத குழாயையும் விடவில்லை. ஒன்பதாம் நாள் பேருந்துக்கு நிற்கும்போது, எதிரே கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குள் கால் தானாகப் போனது. பேனா அளவில் ஒரு இ-சிகரெட். வாசனையே வராத ரகமாகப் பார்த்து வாங்கினார். இது சிகரெட் இல்லை, சிகரெட்டை விடுவதற்கான சாமான், ஒரு வாரத்தில் இதையும் விட்டுவிட்டு அவளிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

மறுநாள் சாயங்காலம் அவள் கைபேசியை எடுத்து உறவுக்காரர்கள் ஒருத்தரையும் விடாமல் கூப்பிட்டாள். "பத்து நாளாச்சு! மருந்து இல்ல, மாத்திரை இல்ல, மனசு வச்சே விட்டுட்டார்." அக்கா, அத்தை, சித்தப்பா என்று ஒவ்வொருவராக ஸ்பீக்கரில் வந்து பாராட்டினார்கள். ஏணிக்காரர் நடுவில் உட்கார்ந்து ஈ என்று இளித்தார். அதற்கு மேல் எங்கே சொல்வது? காலையில் எழுந்ததும் அவள் பரிசோதனை முடிவை வாசிப்பதுபோல எண்ணைச் சொல்வாள். "இன்னைக்கு முப்பத்தொண்ணு." "இன்னைக்கு நாப்பத்தாறு." ஒவ்வொரு எண்ணும் அவர் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது.

வீட்டில் இழுக்க முடியாது. தெருவில் முடியாது, பாதிப் பேர் அவளிடம் ரத்தம் கொடுத்தவர்கள். மிச்சம் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான், ஏணி உச்சி. ஏணி மேல் நிற்கிறவனை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் வேலை செய்கிறான் என்று நினைப்பார்கள். ஒரு இழுப்பு இழுத்து, ஊதுகிற ஆவியை டிடெக்டருக்குள்ளேயே ஊதிவிட்டால் அலாரமும் கத்தும், தாளில் டிக்கும் விழும். மேஸ்திரி சொல்லிக்கொடுத்த பழைய வித்தை. பையில் இருந்த ஸ்பிரே டப்பாக்கள் சீல் உடையாமல் கிடந்தன. கம்பெனிக்கு மிச்சப்படுத்துகிறோம் என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டார், அந்தக் கொழுப்பை என்னவென்று சொல்ல!

பொது நூலகம்தான் அவருக்கு மிகவும் வசதிப்பட்டது. அடித்தளத்துப் பழைய புத்தக அறை, ஊழியர் கழிவறைக்குப் போகிற நடை, மாடிப்படிக்குக் கீழே சாமான் போடுகிற மூலை, மூன்றிலும் காலை ஒன்பதுக்கு முன்னால் ஆள் நடமாட்டம் இருக்காது. மாதம் ஒரு முறை சோதிக்க வேண்டிய இடத்துக்கு வாரம் இரண்டு முறை போனார். "இப்படி ஒரு கடமை உணர்ச்சியை நான் பார்த்ததே இல்லை" என்று நூலகக் கண்காணிப்பாளர் அவரைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த நேரத்தில் அங்கே இருக்கிற ஒரே ஜீவன் வாளியக்கா. துப்புரவு வேலை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வாளியோடு கட்டடம் முழுக்கத் துடைத்துக்கொண்டு வருவதால் அந்தப் பேர். ஏணிக்காரரைவிடப் பத்து வயது சின்னவள்தான், ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. ஈரத் தரையில் ஏணி வழுக்கிவிடும் என்று, அவர் ஏறினால் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து அடியில் பிடித்துக்கொள்வாள். தூசி கண்ணில் விழும் என்று தலையைக் குனிந்தே நிற்பாள்.

"சீக்கிரம் இறங்குங்க ஏணியண்ணே, வெந்நி ஆறிப் போவுது."

"இதோ, ஒரே நிமிஷம்க்கா."

அந்த ஒரு நிமிடத்தில் மூன்று இழுப்பு இழுத்துவிடுவார்.

நான்காவது மாதம் நூலகத்தில் அலாரம் அடித்தது. புகையும் இல்லை, தீயும் இல்லை. அடுத்த வாரம் மறுபடி. மூன்றாம் முறை தீயணைப்பு வண்டியே வந்து, தெருவில் போக்குவரத்தை நிறுத்தி, பெரிய அமர்க்களமாகிவிட்டது. மூன்று முறையும் காலை வேளை. மூன்று முறையும் ஊழியர் கழிவறை நடை. மூன்று முறையும் அங்கே இருந்தது வாளியக்கா மட்டும். போதாததற்கு, யாரோ ஒரு வாசகர் தீர்ந்துபோன இ-சிகரெட் ஒன்றை அங்கிருந்த குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். கண்காணிப்பாளருக்கு அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தாலும் முறைப்படி செய்ய வேண்டும் என்று ஏணிக்காரரை வரவழைத்தார்.

ஏணிக்காரர் ஏறி டிடெக்டரின் மூடியைத் திருகினார். உள்ளே ஒரு சின்ன அறை மாதிரி இருக்கும், அதற்குள் வெளிச்சம் ஓடும், புகை நுழைந்து வெளிச்சத்தைக் கலைத்தால் கத்தும். அந்த அறை முழுக்கப் பிசுபிசுவென்று ஒரு படலம். அதன் மேல் அப்பின தூசி. விரலால் தொட்டார், விரல் ஒட்டியது. மாதக்கணக்காக அவர் ஊதின ஆவி அத்தனையும் அங்கே படிந்து உட்கார்ந்திருந்தது. இந்த நிலையில் இருக்கிற டிடெக்டருக்கு ஒரு வாளி வெந்நீரின் ஆவியே போதும், கத்திவிடும்.

கீழே கண்காணிப்பாளர் தாளும் கையுமாக நின்றிருந்தார். கண்டதைச் சொன்னால் அந்தப் பிசுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கம்பெனியில் கேட்பார்கள். வீட்டில் கேட்பாள். ஏணிக்காரர் பையிலிருந்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்தார், சுத்தமாகத் துடைத்தார், மூடியை மாட்டினார், இறங்கி வந்து தாளில் எழுதினார்: கருவியில் பழுது இல்லை. துடைத்த பிறகு பழுது இல்லைதானே, எழுதியதில் என்ன பொய் இருக்கிறது என்று மாடிப்படி இறங்குவதற்குள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இப்படியெல்லாம் தனக்கே வாதாடத் தெரிந்தவருக்கு வக்கீல் எதற்கு?

பத்து நாள் கழித்துப் போனபோது வேறு யாரோ பச்சைத் தண்ணீரில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசல் காவலாளிதான் விஷயத்தைச் சொன்னார்.

"வாளியக்காவா? அவங்களே ஒத்துக்கிட்டாங்களே. கழிவறையில வச்சுப் பிடிச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"ஒத்துக்கிட்டாங்களா? எப்படி? அவங்க பிடிக்கவே மாட்டாங்களே!"

"ஒத்துக்கிட்டா கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப எடுத்துக்கறோம்னு சொன்னாங்களாம். இல்லைன்னா ஒரேயடியா வீட்டுக்குத்தான். பாவம், வேற என்ன செய்வாங்க? உங்க தாளை வேற காட்டினாங்க, மெஷின்ல கோளாறு இல்லைன்னு."

அன்றிலிருந்து ஏணிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். வேலை இல்லாத நாளிலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, தெருக்கோடி வரை போய்த் திரும்பி வருவார். இன்று சொல்லிவிட வேண்டும் என்று காலையில் பல் தேய்க்கும்போது முடிவு கட்டுவார். வாயைக் கொப்பளித்துவிட்டு வருவதற்குள், "இன்னைக்கு நூத்திப் பதினெட்டு!" என்று அவள் முகம் மலர்ந்து நிற்பாள். மென்று விழுங்கிவிடுவார். அதற்கும் மருந்து அந்தப் பேனாதான். முன்பு மூன்று இழுப்பு இழுத்த இடத்தில் இப்போது பத்து இழுத்தார், ஆனால் டிடெக்டருக்குள் ஊதவில்லை, சட்டைக் காலருக்குள் ஊதிக்கொண்டார்.

இதற்கிடையில்தான் இ-சிகரெட்டுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர நகரசபை ஒரு விதியை எழுதி, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று கூட்டம் போட்டது. உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது, பழவாசனை ரகங்கள் கூடாது, பொதுக் கட்டடத்துக்குள் இழுக்கக் கூடாது. ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. முடி வெட்டுகிற கடையில், பேருந்தில், மருத்துவமனை வரிசையில், எங்கே போனாலும் இதே பேச்சு. வாழ்நாளில் ஒரு இழுப்பு இழுக்காதவர்கள்தான் இரண்டு கட்சியிலும் அதிகமாகக் கத்தினார்கள்.

"பேசறதுக்கு நான் பேர் குடுத்திருக்கேன்" என்றாள் மனைவி. "பதினொண்ணாவது நம்பர். நீங்களும் வரணும்."

"நான் எதுக்கு? எனக்கு வேலை இருக்கு."

"உங்களைப் பத்திப் பேசப் போறேன், நீங்க இல்லாம எப்படி?"

கூட்டம் மத்தியானம் இரண்டு மணிக்கு நகரசபை மண்டபத்தில். மடக்கு நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். ஏணிக்காரர் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முழங்கால் ஆட ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் சங்கத் தலைவர் முதலில் வந்தார். சிகரெட்டை விட்டு இதற்கு மாறிய ஆயிரம் பேரைத் தனக்குத் தெரியும், இதைத் தடுத்தால் அத்தனை பேரும் மறுபடி சிகரெட்டுக்கே போவார்கள், அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்டார். நுரையீரல் மருத்துவர் வந்து, ஒன்றை விடுவதற்காக இன்னொன்றைப் பிடித்துக்கொண்டால் அதற்குப் பேர் விடுவதா என்று கேட்டார். இருவருக்கும் கைதட்டல் விழுந்தது. ஏணிக்காரருக்கு இருவர் பேச்சும் நெஞ்சில் குத்தியது, ஏனென்றால் அவர் அந்த இரண்டு ஆளாகவும் இருந்தார்.

பிறகு சுகாதார அதிகாரி எழுந்தார். நூலகத்தில் மூன்று முறை அலாரம் அடித்த கதையைச் சொன்னார். கருவியில் பழுது இல்லை என்ற தாளை உயர்த்திக் காட்டினார். "சம்பந்தப்பட்ட பெண் ஊழியர் தவறை எழுத்து மூலமா ஒத்துக்கிட்டார். அவரை நாங்க தண்டிக்கல. புகை நிறுத்தும் வகுப்புல சேர்த்தோம். ஒவ்வொரு புதன்கிழமையும் தவறாம வர்றார். இன்னைக்கு இருபத்தொரு நாளா அவர் தொடவே இல்லை!" மண்டபம் கைதட்டியது. வாழ்க்கையில் ஒரு நாளும் தொடாதவள் இருபத்தொரு நாள் தொடாமல் இருந்ததற்கு அத்தனை பேரும் தட்டினார்கள். ஏணிக்காரரின் கைகள் தொடைக்கு அடியில் இருந்தன.

பதினொன்றாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். மனைவி மைக் முன்னால் போய் நின்றாள். ரத்தம் எடுக்கப் போகிறவள்போல நிதானமாக ஆரம்பித்தாள். அண்ணனைப் பற்றிச் சொன்னாள், ஜன்னல் கம்பியைப் பற்றிச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷமா பிடிச்சவர். இன்னைக்கு நூத்தி நாப்பத்திரெண்டாவது நாள். இந்த மிஷின் எதுவும் அவருக்குத் தேவைப்படல. எனக்காக விட்டார். அந்த நூலகத்து அம்மாவுக்கும் இதைத்தான் சொல்ல ஆசைப்படறேன். வெக்கப்படாதீங்கம்மா. என் புருஷனால முடிஞ்சா உங்களாலயும் முடியும்."

நாற்காலி சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது. ஏணிக்காரர் எழுந்து நின்றிருந்தார். எழுந்தது அவருக்கே தெரியவில்லை.

"உங்க நம்பர் எத்தனைங்க?" என்றார் கூட்டத்தை நடத்திய நகரசபைத் தலைவி.

"நம்பர் இல்லீங்கம்மா. அந்தத் தாளை எழுதினது நான்."

"உட்காருங்க, உங்க முறை வரும்போது..."

"முறை வர்றவரைக்கும் இருந்தா நான் ஓடிடுவேங்க" என்றார் அவர். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தால் வாய் கட்டிப்போகும் என்று அதிகாரி கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தம்மா பிடிக்கல. பிடிச்சது நான். ஏணி மேல நின்னுக்கிட்டு டிடெக்டருக்குள்ள ஊதினேன். உள்ள பிசுக்கு படிஞ்சுபோச்சு, வெந்நி ஆவி பட்டதும் கத்திடுச்சு. வந்து திறந்து பார்த்தப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. துடைச்சுட்டு, பழுது இல்லைன்னு எழுதினேன்."

உடனே கடைக்காரர் சங்கத் தலைவர் துள்ளி எழுந்தார். "கேட்டீங்களா! அந்தக் கேஸே பொய்! அதை வச்சுச் சட்டம் போடப் பார்த்தாங்க!" மருத்துவர் விடவில்லை. "ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ளயே இவ்வளவு படியுதுன்னா மனுஷன் நெஞ்சுல எவ்வளவு படியும், அதைச் சொல்லுங்க!" ஆளுக்கொரு பக்கம் ஏணிக்காரரைப் பிடித்து இழுத்தார்கள்.

"ஐயா, ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க!" ஏணிக்காரர் கத்தியே விட்டார். "இது இல்லைன்னா நான் ஒம்பதாவது நாளே சிகரெட்டுக்குப் போயிருப்பேன். அது நெசம். இப்ப இதை விட முடியாம திருட்டுப் பூனையா திரியறேனே, அதுவும் நெசம். சட்டம் எது வேணா போடுங்க. முதல்ல அந்தம்மா பிடிக்கலைன்னு எழுதுங்க. எழுதிட்டீங்களான்னு பார்த்துட்டுதான் போவேன்."

தலைவி எழுதச் சொன்னார். எழுதினார்கள். பிறகு தலைவி, மைக் முன் இன்னும் நின்றிருந்த மனைவியிடம், "உங்க பேச்சைப் பதிவுல வச்சுக்கலாமா, எடுத்துடலாமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"இருக்கட்டும். நான் நம்பினதைத்தான் சொன்னேன்." கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனாள்.

பேருந்து நிறுத்தத்தில் அவர் இரண்டடி தள்ளி நின்றார். நாலைந்து வண்டிகள் வந்து போயின. அவள் ஏறவில்லை. அவள் அக்கா வீட்டுப் பக்கம் போகிற வண்டியும் அதில் ஒன்று. அது கிளம்பிப் போகும்வரை அவருக்கு மூச்சே வரவில்லை.

"ஒம்பதாவது நாளா?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"பத்தாவது நாள்தான் எல்லாருக்கும் போன் பண்ணினேன்."

"ஆமா."

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பேன். போயிருந்தாலும் போயிருப்பேன். ஆனா எனக்குப் பயந்துக்கிட்டு யாரோ ஒரு பொம்பளையை மாட்டி விட்டிருக்கீங்களே!" அவள் கண் கலங்கவில்லை, முகம் சிவந்திருந்தது. "அவங்க வீடு எங்க?"

"தெரியாது."

"உங்களுக்கு ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவங்க வீடு தெரியாதா?"

நூலகக் காவலாளியிடம் விசாரித்துக்கொண்டு போனார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடம், மூன்றாம் மாடி. அவள் முன்னால் ஏறினாள், அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கியபடி பின்னால் ஏறினார். ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வாளியக்கா தன் தங்கையோடு இருந்தாள். தங்கை புருஷனுக்குக் கப்பலில் வேலை. முன்னறையில் கொடி கட்டி, கைக்குட்டை அளவில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கதவோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வாளியக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் கைக்குழந்தை ஒன்று சிணுங்கியது.

"அட, ஏணியண்ணனா! வாங்க, உள்ள வாங்க" என்று எழுந்தாள்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மண்டபத்தில் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது, அங்கே தாளைப் பார்த்துச் சொன்னார், இங்கே இவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கூட்டத்தில் எழுதிக்கொண்டார்கள், வேலை திரும்பக் கிடைக்கும் என்றும் சொன்னார். வாளியக்கா மறுபடி முக்காலியில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டே மடித்தாள். ஒரு துணியை மடித்து வைத்து அடுத்ததை எடுத்தாள்.

"நான் பிடிக்கலைன்னு எனக்குத் தெரியும்ண்ணே" என்றாள். "உங்களுக்கும் அப்பவே தெரியும். இதுல எனக்குப் புதுசா என்ன சொல்றீங்க? உள்ள இருக்கா பாருங்க, அவகிட்ட சொல்லுங்க."

"யாருகிட்ட?"

"என் தங்கச்சிகிட்டதான். வகுப்புல ஒரு தாள் குடுத்தாங்க. பிடிக்கறவங்க கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது, துணியில ஒட்டியிருக்கும், மூச்சுல இருக்கும்னு போட்டிருந்துச்சு. நான் கூறுகெட்டவ, அதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். படிச்சுட்டா." அவள் குரல் முதல் முறையாகத் தடுக்கியது. "நான் சத்தியமா இல்லடின்னேன். அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போட்டேன்னு கேக்கறா. அவ கேக்கறது நியாயம்தானே? பிரசவத்துல கூட இருந்து முதல்ல கையில வாங்கினது நான். மூணு வாரமா துவைக்கறேன், காயப் போடறேன், மடிக்கறேன். குழந்தையைத் தொட விடமாட்டேங்கறா."

ஏணிக்காரருக்குக் காதெல்லாம் சுட்டது. வேலை போனது ஒன்றைத்தான் இத்தனை நாள் நினைத்து நினைத்துக் குமைந்திருந்தார். இப்படி ஒன்று இந்த வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கும் என்று அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

உள்ளறைக் கதவில் தங்கை வந்து நின்றாள். தோளில் குழந்தை. சின்னப் பெண், தூக்கமில்லாத கண்கள். பேச்சு அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், ஆனாலும் கேட்டாள்.

"என்ன சொல்றீங்க? முழுசா சொல்லுங்க."

மூன்றாம் முறையாகச் சொன்னார். இந்த முறை வாய் குழறியது. "உங்க அக்கா பிடிக்கலம்மா. ஒரு நாளும் பிடிச்சதில்ல. நான்தான். நான் பிடிச்சேன், நான்தான் மறைச்சேன். அவங்க கீழ நின்னு ஏணியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான்."

தங்கை அக்காவைப் பார்த்தாள். உதடு கோணியது, அடக்கிக்கொண்டாள். இரண்டே எட்டில் வந்து, அக்காவின் மடியில் மடித்துக் கிடந்த துணிகள் மேலேயே குழந்தையை வைத்தாள். வாளியக்கா உடனே தூக்கவில்லை. இரண்டு கையையும் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள், பிறகுதான் குழந்தையின் தலைக்கு அடியில் கையைக் கொடுத்து நெஞ்சோடு எடுத்து அணைத்தாள். "என்னடா, பெரியம்மாவை மறந்துட்டியா, மறந்துட்டியா" என்று அவள் கேட்ட கேள்வி பாதியிலேயே அழுகையானது. ஏணிக்காரரின் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளருகில் தரையில் உட்கார்ந்தாள்.

ஏணிக்காரருக்கும் கண் நிறைந்துவிட்டது. குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. தன்னை அறியாமல் ஒரு அடி முன்னால் வைத்துக் குனிந்தார்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் தங்கை. கோபமாகச் சொல்லவில்லை.

அவர் சட்டென்று ஒரு அடி பின்னால் போனார்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அவர் மனைவி, தலையைத் திருப்பாமலே.

அவர் கதவு நிலையைத் தாண்டி வெளியே போய் நடையில் நின்றார்.